'டிபெண்ட் ஆன்': தமிழில் யோசித்து ஆங்கிலத்தில் எழுதுபவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஆங்கிலத்தில் அறிக்கையோ விண்ணப்பமோ மின்னஞ்சலோ எழுத உட்கார்ந்தால், 'டிபெண்ட்' எங்காவது வந்து நிற்கும். எது எதைப் பொறுத்தது, யார் யாரை நம்பியிருக்கிறார் என்று சொல்லாமல் எந்த வேலையைப் பற்றியும் எழுத முடியாது. பிறர் எழுதியதைத் திருத்திக் கொடுக்கும்போது நான் அதிகம் கை வைக்கிற சொற்களில் இதுவும் ஒன்று. பல வருடங்கள் திருத்தியதில் ஒன்று தெரிந்துகொண்டேன்: இந்தச் சொல்லில் நாம் செய்கிற தவறுகளுக்குத் தமிழே காரணம், அவற்றில் பெரும்பாலானவற்றுக்குத் தமிழிலேயே மருந்தும் இருக்கிறது. அதை மனதில் வைத்துத்தான் கீழே உள்ள பதில்களை எழுதியிருக்கிறேன்.

'டிபெண்ட்' வந்தாலே 'ஆன்' வர வேண்டுமா?

எதைப் பொறுத்தது என்று சொல்லும்போது வர வேண்டும். 'தி ஹார்வெஸ்ட் டிபெண்ட்ஸ் ஆன் ரெயின்', அதாவது விளைச்சல் மழையைப் பொறுத்தது. 'மழையை' என்பதில் உள்ள 'ஐ' உருபை விட்டுவிட்டு 'விளைச்சல் மழை பொறுத்தது' என்று நாம் எழுதுவதில்லை. எழுதினால் சின்னக் குழந்தைகூட நிமிர்ந்து பார்க்கும். ஆங்கிலம் படிப்பவருக்கு 'டிபெண்ட்ஸ் ரெயின்' அப்படித்தான் இருக்கும். உருபு நமக்குச் சொல்லின் வாலில் ஒட்டிக்கொள்கிறது, அவர்களுக்குச் சொல்லுக்கு முன்னால் தனியாக நிற்கிறது.

எதைப் பொறுத்தது என்று சொல்லாமல் நிறுத்திவிட்டால் 'ஆன்' தேவையில்லை. 'நாளைக்குப் போவீர்களா?' என்று கேட்டால், 'இட் டிபெண்ட்ஸ்' என்பதோடு முடித்துக்கொள்ளலாம். 'தட் டிபெண்ட்ஸ்' என்றாலும் சரி.

ஏன் 'ஆன்'? 'ஆஃப்', 'இன்', 'ஃப்ரம்' எல்லாம் கூடாதா?

'டிபெண்ட்' லத்தீனிலிருந்து பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த சொல். 'டே' என்றால் கீழே, 'பெண்டேரே' என்றால் தொங்குவது. ஆக, மேலே உள்ள ஒன்றைப் பிடித்துக்கொண்டு கீழே தொங்குவதுதான் இதன் பழைய பொருள். கழுத்துச் சங்கிலியில் தொங்கும் பெண்டன்ட், கடிகாரத்தில் ஆடும் பெண்டுலம், வேலையிலிருந்து நிறுத்திவைக்கும் சஸ்பெண்ட் எல்லாம் அதே வேரில் முளைத்தவை. நாம் நாள் முழுக்கச் சொல்கிற 'பெண்டிங்'கும் அதே குடும்பம்தான். 'ஃபைல் பெண்டிங்ல இருக்கு' என்பதும் 'விஷயம் தொங்கலில் நிற்கிறது' என்பதும் ஒரே படம்.

தொங்குவது என்றால் 'ஃப்ரம்' வருவதுதானே நியாயம்? நிஜமாகவே தொங்கும் பொருளைச் சொல்ல 'டிபெண்ட் ஃப்ரம்' என்ற வழக்கு ஆங்கிலத்தில் உண்டு. இன்று அதைப் பழைய எழுத்திலும் சில தொழில்நுட்ப விவரிப்புகளிலும் மட்டுமே பார்க்கலாம். 'பொறுத்தது', 'நம்பியிருப்பது' என்ற பொருள்களுக்கு 'ஆன்' நிலைத்துவிட்டது. பிரெஞ்சிலும் ஸ்பானியத்திலும் இதே வினைக்குப் பின்னால் 'தெ', 'தே' என்று ஆங்கில 'ஆஃப்'புக்கு இணையான சொல் வருகிறது. அதனால் அந்த மொழிக்காரர்கள் ஆங்கிலம் எழுதும்போது 'டிபெண்ட் ஆஃப்' என்று எழுதி மாட்டிக்கொள்கிறார்கள். நாம் மட்டும் தடுமாறவில்லை.

ஞாபகம் வைத்துக்கொள்ள எனக்கு உதவுவது நம்முடைய ஒரு பேச்சு வழக்கு: 'பாரத்தை அவர் மேல் போட்டுவிட்டேன்.' அந்த 'மேல்'தான் 'ஆன்'. ஒன்று இன்னொன்றின் மேல் பாரத்தை வைத்து நிற்கிறது என்று நினைத்துக்கொண்டால் 'இன்'னும் 'ஆஃப்'பும் கிட்டே வராது.

'இஸ் டிபெண்டிங் ஆன்' என்று எழுதுவது தவறா?

இடத்துக்கு இடம் மாறும். இதில்தான் அதிகம் பேர் சறுக்குகிறார்கள், கொஞ்சம் நின்று பார்ப்போம்.

'டிபெண்ட்' என்பதற்கு இரண்டு பொருள்கள். ஒன்று, 'பொறுத்தது'. இன்னொன்று, 'நம்பியிருப்பது'. முதல் பொருள் ஒரு நிலையைச் சொல்கிறது. விலை அளவைப் பொறுத்தது என்றால் இந்த நிமிடம் ஏதோ நடந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தமில்லை, எப்போதும் அப்படித்தான். அதனால் அங்கே 'இங்' வடிவம் வராது. 'தி பிரைஸ் டிபெண்ட்ஸ் ஆன் தி சைஸ்' என்பதே சரி. 'தி பிரைஸ் இஸ் டிபெண்டிங் ஆன் தி சைஸ்' என்பது தவறு.

இரண்டாவது பொருளில் ஒரு ஆள் இன்னொருவரை இப்போது எதிர்பார்த்து நிற்கிறார். 'உன்னைத்தான் நம்பியிருக்கிறேன்' என்பதை 'ஐ ஆம் டிபெண்டிங் ஆன் யூ' என்று தாராளமாக எழுதலாம். அதில் ஒரு தவிப்பும் தெரிகிறது.

சரி, இந்தக் குழப்பம் எங்கிருந்து வருகிறது? 'சார்ந்திருக்கிறது' என்ற சொல்லிலிருந்து. 'முடிவு சோதனையைச் சார்ந்திருக்கிறது' என்று மனதில் ஓடும்போது, அந்த 'இருக்கிறது' கையைப் பிடித்து 'இஸ்' எழுத வைக்கிறது. 'இஸ்' வந்தவுடன் 'டிபெண்டிங்' தானாகப் பின்னால் வந்துவிடுகிறது. எழுதுபவரின் கவனக்குறைவு என்று இதைச் சொல்ல மாட்டேன். மொழிபெயர்க்கும் மனம் தன் வேலையை நேர்மையாகச் செய்ததன் விளைவு அது.

மருந்து எளிது. வாக்கியத்தை ஒருமுறை 'பொறுத்தது' என்று முடித்துப் பாருங்கள். பொருந்தினால் 'டிபெண்ட்ஸ் ஆன்'. 'நம்பியிருக்கிறேன், நம்பியிருக்கிறார்கள்' என்று முடித்தால்தான் பொருந்துகிறது என்றால் 'இங்' போடலாம்.

அப்படியானால் 'டிபெண்டிங் ஆன்' என்று தொடங்கும் வாக்கியங்கள்?

அவை சரிதான். 'டிபெண்டிங் ஆன் தி சைஸ், தி பிரைஸ் சேஞ்சஸ்', அதாவது அளவைப் பொறுத்து விலை மாறும். இங்கே 'டிபெண்டிங் ஆன்' வாக்கியத்தின் வினை இல்லை, வினை 'சேஞ்சஸ்'. நம்முடைய 'பொறுத்தது', 'பொறுத்து' இரண்டும் இந்த வித்தியாசத்தை அப்படியே காட்டுகின்றன. 'பொறுத்தது' வாக்கியத்தை முடிக்கிறது, அது 'டிபெண்ட்ஸ் ஆன்'. 'பொறுத்து' முடிக்காமல் இன்னொரு வினையைத் தேடுகிறது, அது 'டிபெண்டிங் ஆன்'.

இந்த வடிவத்திலும் 'ஆன்' விழக்கூடாது. 'டிபெண்டிங் தி சைஸ்' என்று எழுதப்பட்டதை நான் அடிக்கடி பார்க்கிறேன்.

'ஆன்' பின்னால் முழு வாக்கியமே வந்தால் எப்படி எழுதுவது?

தமிழில் சொல்லிப் பார்த்தால் பாதி வேலை முடிந்துவிடும். மூன்று விதமாகச் சொல்வோம்.

'அவர் கையெழுத்துப் போடுவதைப் பொறுத்தது' என்பது முதல் விதம். 'போடுவதை' என்பது தொழிற்பெயர். ஆங்கிலத்தில் அதற்கு 'இங்' வடிவம்: 'இட் டிபெண்ட்ஸ் ஆன் ஹிஸ் சைனிங் இட்'. 'ஹிம் சைனிங் இட்' என்பதும் புழக்கத்தில் உண்டு, கொஞ்சம் பேச்சு வாடை வீசும். 'டிபெண்ட்ஸ் ஆன் தட் ஹி சைன்ஸ்' என்று எழுத முடியாது, 'ஆன்' உடன் அந்த 'தட்' ஒட்டாது.

'அவர் வருவாரா என்பதைப் பொறுத்தது' என்பது இரண்டாவது. அந்த 'ஆ' கேள்விக்கு ஆங்கிலத்தில் 'வெதர்' வேண்டும். வானிலையைக் குறிக்கும் வெதர் இல்லை, டபிள்யூ-வுக்கு அடுத்து எச் போட்டு எழுதும் வெதர். 'இட் டிபெண்ட்ஸ் ஆன் வெதர் ஹி கம்ஸ்.' பலர் இங்கே 'இஃப்' போடுகிறார்கள். பேச்சில் 'டிபெண்ட்ஸ் இஃப்' என்பது காதில் விழும்தான், ஆனால் எழுத்தில், அதுவும் 'ஆன்' வந்த பிறகு, 'வெதர்' மட்டுமே எழுதுங்கள். 'இஃப்' என்பது 'வந்தால்'. 'அவர் வந்தால் பொறுத்தது' என்று எந்தத் தமிழரும் சொல்லமாட்டார். இந்த ஒரு வரியை நினைவில் வைத்தாலே 'ஆன் இஃப்' கையில் வராது.

மூன்றாவது, 'எப்போது, எங்கே, எவ்வளவு' என்று கேள்விச் சொல்லோடு வருவது. 'எப்போது வருகிறார் என்பதைப் பொறுத்தது', 'இட் டிபெண்ட்ஸ் ஆன் வென் ஹி கம்ஸ்'. இதில் ஒரு பள்ளம் இருக்கிறது, பார்த்துக் கால் வையுங்கள். நேர்க்கேள்வியில் 'வாட் இஸ் தி பிரைஸ்?' என்று கேட்போம். அதை அப்படியே தூக்கி வைத்து 'இட் டிபெண்ட்ஸ் ஆன் வாட் இஸ் தி பிரைஸ்' என்று எழுதினால் தவறு. உள்ளே போனதும் அது கேள்வி இல்லை, ஒரு தகவல். எனவே வரிசை நேராகும்: 'இட் டிபெண்ட்ஸ் ஆன் வாட் தி பிரைஸ் இஸ்'. தமிழில் கேள்வி கேட்டாலும் தகவல் சொன்னாலும் சொல் வரிசை மாறாது. அதனால்தான் இந்த மாற்றம் நம் கண்ணில் படுவதில்லை.

'இட் டிபெண்ட்ஸ் வாட் யூ மீன்' என்று 'ஆன்' இல்லாமல் ஆங்கிலேயர்களே பேசுகிறார்களே?

பேசுகிறார்கள். 'இட்' அல்லது 'தட்' என்று தொடங்கி, பின்னால் கேள்விச் சொல் வரும்போது பேச்சில் 'ஆன்' விழுவது சகஜம். நண்பருக்கு அனுப்பும் செய்தியில் நீங்களும் விடலாம். அறிக்கையிலும் தேர்விலும் அலுவலகக் கடிதத்திலும் போட்டுவிடுங்கள். பின்னால் வருவது வெறும் பெயர்ச்சொல் என்றால் பேச்சில்கூட விழாது.

'நான் நம்பியிருக்கும் ஆள்' என்பதை எழுதும்போது 'ஆன்' எங்கே போகும்?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. தமிழின் ஒரு அழகான குணம் இங்கே நமக்கு எதிராக வேலை செய்கிறது.

'நான் அந்த ஆளை நம்பியிருக்கிறேன்' என்று சொல்லும்போது 'ஆளை' என்பதில் உருபு இருக்கிறது. அதையே பெயரெச்சமாக மாற்றி 'நான் நம்பியிருக்கும் ஆள்' என்று சொன்னால் உருபு மறைந்துவிடுகிறது. கத்தியால் வெட்டினேன், வெட்டிய கத்தி. ஊருக்குப் போனேன், போன ஊர். 'ஆல்', 'கு' எல்லாம் தடமே இல்லாமல் போய்விடுகின்றன, கேட்பவருக்குப் புரிந்தும்விடுகிறது. இந்தப் பழக்கத்தில் ஊறிய நாம் ஆங்கிலத்திலும் 'தி பெர்சன் ஐ டிபெண்ட்' என்று எழுதிவிடுகிறோம். ஆங்கிலத்தில் முன்னிடைச்சொல் மறையாது. 'தி பெர்சன் ஐ டிபெண்ட் ஆன்' என்று கடைசியில் நிற்க வேண்டும். இல்லையென்றால் முன்னால் நகர்த்தி, 'தி பெர்சன் ஆன் ஹூம் ஐ டிபெண்ட்' என்று எழுத வேண்டும்.

இரண்டில் ஒன்றுதான். 'ஆன் ஹூம் ஐ டிபெண்ட் ஆன்' என்று இரண்டு இடத்திலும் வைத்துவிடுபவர்கள் உண்டு. கவனமாக எழுத நினைப்பவர்களிடம்தான் இதை அதிகம் பார்க்கிறேன். முன்னால் போட்டதை வாக்கியம் முடிவதற்குள் மறந்து, விட்டுப்போய்விடுமோ என்ற பயத்தில் இன்னொன்று சேர்த்துவிடுகிறார்கள்.

செயப்பாட்டு வினையிலும் இதே கதை. அவரை நம்பலாம் என்பதற்கு 'ஹி கேன் பி டிபெண்டட் ஆன்'.

வாக்கியத்தை 'ஆன்' என்று முடிக்கக் கூடாது என்று பள்ளியில் சொன்னார்களே?

பலருக்கும் அப்படிச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். முன்னிடைச்சொல்லை வாக்கியத்தின் கடைசியில் வைப்பதைக் குறை சொன்ன பழைய குரல்களில் கவிஞர் ஜான் டிரைடனுடையது பெயர் பெற்றது. 1672-இல் அவர், தமக்கு முன் வாழ்ந்த நாடகாசிரியர் பென் ஜான்சனின் எழுத்தில் இதைப் பிழையாகச் சுட்டினார். ஆங்கிலேயர்கள் அவருக்கு முன்னும் பின்னும் அப்படி எழுதிக்கொண்டேதான் இருந்தார்கள். 1926-இல் ஆங்கில வழக்கைப் பற்றி எழுதிய ஃபௌலர், இந்த விதியை ஒரு மூடநம்பிக்கை என்றே ஒதுக்கினார்.

'சம்ஒன் ஐ கேன் டிபெண்ட் ஆன்' என்பது நல்ல ஆங்கிலம். பயப்படாமல் எழுதுங்கள். மிகவும் சம்பிரதாயமான ஆவணம் என்றால் மட்டும் 'ஆன் ஹூம்', 'ஆன் விச்' என்று முன்னால் கொண்டுவரலாம்.

'டிபெண்ட் அபான்' என்பதற்குப் பொருள் வேறா?

பொருள் ஒன்றுதான். 'அபான்' கொஞ்சம் விறைப்பாக ஒலிக்கும். அன்றாட எழுத்துக்கு 'ஆன்' போதும்.

ஒருவரை எதற்காக நம்பியிருக்கிறோம் என்பதை எப்படிச் சேர்ப்பது?

ஒரு பொருளுக்காக என்றால் 'ஃபார்': 'தே டிபெண்ட் ஆன் தி ரிவர் ஃபார் வாட்டர்', தண்ணீருக்கு ஆற்றை நம்பியிருக்கிறார்கள். ஒரு வேலைக்காக என்றால் 'டு' போட்டு வினை: 'வி டிபெண்ட் ஆன் ஹெர் டு செக் தி அக்கவுண்ட்ஸ்'. இரண்டிலும் 'ஆன்' முதலில் ஆளையோ பொருளையோ பிடித்துக்கொள்கிறது, 'எதற்காக' என்பது பிறகுதான்.

'முழுக்க', 'பெரும்பாலும்' போன்ற சொற்கள் நடுவில் உட்காரும்: 'டிபெண்ட்ஸ் என்டையர்லி ஆன்', 'டிபெண்ட்ஸ் லார்ஜ்லி ஆன்'.

'டிபெண்டென்ட்', 'இண்டிபெண்டென்ட்' இரண்டுக்கும் 'ஆன்'தானா?

இல்லை. 'டிபெண்டென்ட்' என்ற பெயரடைக்கும் 'டிபெண்டென்ஸ்' என்ற பெயர்ச்சொல்லுக்கும் 'ஆன்' வரும். 'இண்டிபெண்டென்ட்' பக்கம் போனதும் அது 'ஆஃப்' ஆகிவிடும்: 'தி டூ ரிசல்ட்ஸ் ஆர் இண்டிபெண்டென்ட் ஆஃப் ஈச் அதர்', இரண்டு முடிவுகளும் ஒன்றை ஒன்று சாராதவை. 'இண்டிபெண்டென்ட் ஆன்' என்று எழுதுவது தவறு.

காரணம் தெரிந்தால் மறக்காது. 'ஒன்றின்' என்று பொருள் தரும் ஆஃப்பும், 'விலகி' என்று பொருள் தரும், இரண்டு எஃப் போட்டு எழுதும் ஆஃப்பும் பழைய ஆங்கிலத்தில் ஒரே சொல். அந்தச் சொல்லுக்கு 'அதிலிருந்து விலகி' என்பதே பழைய பொருள். சாராமல் இருப்பது என்றால் விலகி இருப்பதுதானே? ஒரு நாடு இன்னொரு நாட்டின் ஆட்சியிலிருந்து விடுபட்டதைச் சொல்லும்போது 'ஃப்ரம்' வருவதும் இதே காரணத்தால்தான்: 'இண்டிபெண்டென்ஸ் ஃப்ரம்'.

'டிபெண்டென்ட்' என்பதில் கடைசியில் 'ஈ' எழுத்தா, 'ஏ' எழுத்தா?

பெயரடை என்றால் எப்போதும் 'ஈ'. ஒருவரின் வருமானத்தை நம்பி வாழும் குடும்பத்தவர் என்ற பொருளில் பெயர்ச்சொல்லாக வரும்போது பிரிட்டிஷ் வழக்கில் 'ஏ' போடுவார்கள், அமெரிக்க வழக்கில் அங்கும் 'ஈ'தான். படிவம் எந்த வழக்கில் இருக்கிறதோ அதையே பின்பற்றுங்கள்.

'என்னைப் பொறுத்தவரை' என்பதை 'டிபெண்டிங் ஆன் மீ' என்று எழுதலாமா?

கூடாது. 'டிபெண்டிங் ஆன் மீ' என்றால் ஏதோ ஒன்று உங்களைப் பொறுத்து மாறும், அல்லது யாரோ உங்களை நம்பியிருக்கிறார்கள் என்று ஆகிவிடும். நீங்கள் சொல்ல வந்தது உங்கள் கருத்து. அதற்கு 'இன் மை வியூ' அல்லது 'ஆஸ் ஃபார் ஆஸ் ஐ ஆம் கன்சர்ண்ட்' என்று எழுதுங்கள். 'பொறுத்து'க்கும் 'பொறுத்தவரை'க்கும் நடுவே உள்ள அந்த 'வரை' பொருளையே திருப்பிவிடுகிறது. தமிழில் அதை யோசிக்காமலே பிடித்துக்கொள்கிறோம்.

இதே மாதிரி 'ஆன்' கேட்கும் வேறு வினைகள் உண்டா?

'ரிலை', 'கவுண்ட்', 'பேங்க்', 'ஹிஞ்ச்' எல்லாம் இந்தப் பொருளில் 'ஆன்' உடன்தான் வரும். 'ஹிஞ்ச்' என்றால் கதவின் கீல், ஒரே கீலில் முழுக் கதவும் திரும்புகிற மாதிரி ஒரே விஷயத்தில் எல்லாம் அடங்கியிருக்கும்போது அதைச் சொல்வார்கள். 'டிஸ்கஸ்' இதற்கு நேர் எதிர். 'அதைப் பற்றி விவாதித்தோம்' என்ற தமிழைக் கேட்டு 'டிஸ்கஸ் அபௌட்' என்று எழுதத் தோன்றும், அங்கே எதுவுமே வராது.

ஒரு வாக்கியத்தைத் திருத்திக் காட்ட முடியுமா?

வேலை அறிக்கைகளில் இப்படி ஒரு வரி வரும்: 'தி ஃபினிஷிங் டேட் இஸ் டிபெண்டிங் ஆன் இஃப் தி மெட்டீரியல்ஸ் அரைவ் அண்ட் ஹௌ மெனி பீப்பிள் ஆர் தேர் இன் தி டீம்.'

எழுதியவர் மனதில் ஓடிய தமிழைப் பிடிப்போம்: 'வேலை முடியும் தேதி, பொருட்கள் வருமா என்பதையும், குழுவில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதையும் பொறுத்தது.' முடிவில் 'பொறுத்தது' பொருந்துகிறது, ஆகவே 'இஸ் டிபெண்டிங்' போய் 'டிபெண்ட்ஸ்'. 'வருமா என்பதை' என்று இருக்கிறது, ஆகவே 'இஃப்' போய் 'வெதர்'. 'எத்தனை பேர்' இங்கே தகவல்தான், ஆகவே 'ஆர் தேர்' புரண்டு 'தேர் ஆர்'. அப்புறம், தமிழில் 'என்பதையும், என்பதையும்' என்று உருபு இரண்டு முறை வருகிறது. ஆங்கிலத்தில் இரண்டாவது 'ஆன்' கட்டாயம் இல்லை. ஆனால் வாக்கியம் இவ்வளவு நீளும்போது அதையும் போட்டால் படிப்பவர் வழி தவற மாட்டார்.

'தி ஃபினிஷிங் டேட் டிபெண்ட்ஸ் ஆன் வெதர் தி மெட்டீரியல்ஸ் அரைவ் அண்ட் ஆன் ஹௌ மெனி பீப்பிள் தேர் ஆர் இன் தி டீம்.'